பழைய புஷ்பக்கில் ரேடியோ பெட்டிகளை எங்கே மாட்டுவது?

வாலாஜாக்காரன்:

வணக்கம். தகரக் கொட்டகைக்குள் ஒரு புஷ்பக்கை வைத்துக்கொண்டு நாலு வருடமாக வீட்டில் திட்டு வாங்குபவன் நான் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: புஷ்பக் என்பது பெங்களூர் அரசு விமானத் தொழிற்சாலையான ஹெச்ஏஎல் செய்த இரண்டு இருக்கை விமானம். 1958இல் முதன்முதலாகப் பறந்தது. இறக்கை தலைக்கு மேலே, மூக்கில் 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், உடம்பு வெல்டிங் செய்த எஃகுக் குழாய், அதன்மேல் துணி. ஒரு காலத்தில் நம் ஃபிளையிங் கிளப்புகளில் இதில் பழகியவர்கள் ஏராளம்.

என்னுடையதில் ஸ்டார்ட்டரும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. விசிறியைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கரண்ட் என்றால் என்னவென்றே அறியாத விமானம். ஆனால் ஒரு பக்கம் அரக்கோணம் கடற்படைத் தளம், அதைத் தாண்டினால் சென்னை. நடுவில் ஊமையாகப் பறக்க யார் விடுவார்கள்? அதனால் கட்டுப்பாட்டு அறையோடு பேச ஒரு விஎச்எஃப் ரேடியோ, ரேடார் கேட்டால் நாம் யார், எந்த உயரம் என்று பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர், விபத்து நேர்ந்தால் தானே சிக்னல் அனுப்பும் ஈஎல்டி, சின்ன ஜிபிஎஸ், இதற்கெல்லாம் ஒரு பேட்டரி. இவ்வளவுதான் ஆசை.

பேனலில் பழைய வட்ட முள் கருவிகள் அப்படியே இருக்கின்றன. கருப்புச் சுருக்கப் பெயின்ட் கூட உரியவில்லை. ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "நடுவுல ஜிக்சா போட்டு வெட்டிட்டா எல்லாத்தையும் அடுக்கிடலாம் சார்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அடுத்த மாதம் பின்பக்கத்துக்குத் துணி போர்த்தப் போகிறேன். எங்கே எதை மாட்டலாம், சொல்லுங்கள்.

ராஜாளி ரிடயர்டு:

தம்பி, துணி போர்த்துவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். பலர் துணியை இறுக்கும் டோப் பூச்சு அடித்து, கோடு போட்டு, போட்டோ எடுத்த பிறகுதான் ஆன்டெனாவைப் பற்றி யோசிப்பார்கள்.

நான் அரக்கோணத்தில் இந்த வேலையிலேயே காலம் தள்ளியவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய சின்ன விமானத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். எங்கே, யாருடையது என்பது வேண்டாம். டிரான்ஸ்பாண்டர் விட்டு விட்டு வேலை செய்கிறது என்று புகார். பெட்டி பேனலுக்குப் பின்னால், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தடுப்பை ஒட்டி இருந்தது. அதைப் பிடித்திருந்த நாலு ஸ்க்ரூவில் இரண்டு பெட்டிக்கு மேல்பக்கம். நான் மல்லாந்து படுத்து, தலையை வால் சுக்கானைத் திருப்பும் ரடர் பெடலுக்கு அடியில் விட்டு, கால் இரண்டையும் இருக்கைச் சாய்மானத்தின் மேல் தூக்கிப் போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்தேன். பெட்டி வெளியே வர அரை நாள் ஆனது. பழுது என்ன தெரியுமா? ஆன்டெனா கனெக்டர் ஒரு சுற்று லூஸ். விரலால் முறுக்கினால் சரியாகியிருக்கும், விரல் அங்கே போகாது என்பதுதான் பிரச்சினை.

அதனால் என் கட்சி ஒன்றுதான்: எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள், எங்கே கை போகும் என்று பாருங்கள். நாளைக்குக் கழற்ற முடியாத இடத்தில் இன்றைக்கு மாட்டாதீர்கள்.

இரண்டாவது, வெயில். இது வேலூர். பல பெட்டிகளுக்கு வரம்பு 55 டிகிரி செல்சியஸ், கொஞ்ச நேரத்துக்கு 70. கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம் வெளியே நிறுத்திய விமானத்தில் கண்ணாடிக்குக் கீழே பேனலின் மேல்தட்டைத் தொட்டுப் பாருங்கள், கையை உடனே எடுத்துவிடுவீர்கள். அதற்கு நேர் அடியில் பெட்டியைத் திணித்தால் அது முதல் கோடையையே தாண்டாது.

இப்போது தலை தனி, உடம்பு தனியாக வரும் கருவிகள் கிடைக்கின்றன. டிரிக் கம்பெனியின் டிஒய் 91 ரேடியோ, டிடி 21 டிரான்ஸ்பாண்டர் எல்லாம் அந்த வகை. பைலட் தொடும் தலை மட்டும் 57 மில்லிமீட்டர் வட்ட ஓட்டைக்குள் உட்காரும், பெட்டி எங்கேயோ இருக்கும். உங்கள் பேனலில் வேலை செய்யாத சின்ன வட்டக் கருவி ஏதாவது இருந்தால், அந்த ஓட்டையே போதும். ஜிக்சாவை மெக்கானிக்கிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆம்பூர் அட்டை:

எனக்கு விமானம் தெரியாது, ஷூ பேட்டர்ன் தெரியும். எங்கள் தொழிலில் அட்டையில் வெட்டிப் பார்க்காமல் தோலில் கத்தி வைத்தால் மேஸ்திரி அடிக்க வருவார். அண்ணா, ஒவ்வொரு பெட்டியின் அளவிலும் அட்டைப்பெட்டி செய்யுங்கள். பின்னால் கனெக்டரும் வயர் வளைவும் வருமே, அதற்கும் சேர்த்து நாலு விரல் நீளம் கூட்டுங்கள். எல்லாரும் மறப்பது அந்த நாலு விரலைத்தான். உள்ளே மணல் போட்டு நிஜ எடைக்குக் கொண்டு வாருங்கள். மாட்டிவிட்டு ஒரு வாரம் தினமும் ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். முட்டி எங்கே இடிக்கிறது, செருப்பு எங்கே தட்டுகிறது என்று அட்டையே காட்டிக்கொடுத்துவிடும், நசுங்கியிருக்கும்.

ராஜாளி ரிடயர்டு:

இதைப் போல உருப்படியான யோசனையை நான் ஹேங்கரில் கேட்டதில்லை. கூடவே ஒன்று: அட்டையோடு, விமானத்தைத் திருப்பும் கன்ட்ரோலை நாலு பக்கமும் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். முழுக்க இழுத்து இடப்பக்கம், முழுக்கத் தள்ளி வலப்பக்கம், ரடர் இரண்டு பக்கமும். எந்தப் பெட்டியும் எந்த வயரும் கன்ட்ரோல் கேபிளின் பாதைக்கு ஒரு விரல் தூரத்தில் கூட வரக்கூடாது. வயர் நாளடைவில் தொங்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

தங்கக்கோயில் ரோடு:

சும்மா கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். பழைய விமானத்தைப் பழைய விமானமாகவே வைத்தால் என்ன? கையில் பிடிக்கும் ரேடியோ ஒன்று, தொடையில் கட்டிக்கொள்ள ஒரு டேப்லெட். ஓட்டை இல்லை, வயர் இல்லை, செலவு இல்லை. இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?

வாலாஜாக்காரன்:

கோபம் எல்லாம் இல்லை சார், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கையடக்க ரேடியோவை எடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓட்டிப் பேசினேன். கொட்டகை வாசலில் இன்னொரு ரேடியோவோடு நின்ற மச்சானுக்கே சரியாகக் கேட்கவில்லை. ரப்பர் ஆன்டெனா எஃகுக் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டது. டிரான்ஸ்பாண்டரோ கையில் பிடிக்கும் சாமான் இல்லை.

தங்கக்கோயில் ரோடு:

அப்படியென்றால் சரி. ஆனாலும் கையடக்க ரேடியோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளி ஆன்டெனாவின் கேபிளை அதற்கும் மாற்றிக் குத்துகிற மாதிரி, கைக்கு எட்டும் இடத்தில் ஓர் இணைப்பு வையுங்கள். பேட்டரி செத்த நாளில் என்னை நினைப்பீர்கள்.

காட்பாடி மாணவி:

வணக்கம் அண்ணா. எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம் படிக்கிறேன். பெட்டியை விட ஆன்டெனா இடம்தான் உங்களுக்குக் கஷ்டம் என்று நினைக்கிறேன். அலுமினியத் தகடு போர்த்திய விமானத்தில் தகடே எர்த் தளமாகிவிடும், அதாவது ஆன்டெனாவுக்கு அடியில் வேண்டிய உலோகப் பரப்பு. உங்களுடையது துணி. தண்ணீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பழைய காலத்தில் கிண்டல் செய்வார்களாமே, அந்தப் பட்டியலில் எர்த் இல்லாத ஆன்டெனாவையும் சேர்க்கலாம்.

கணக்கு இப்படி வருகிறது. விமானப் பேச்சு அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ். நடுவில் 127 என்று வைத்தால் அலைநீளம் 2.36 மீட்டர், கால் அலை 59 சென்டிமீட்டர். ஆன்டெனா அடியிலிருந்து ஒவ்வொரு பக்கமும் அந்த நீளத்துக்கு உலோகம் வேண்டும். முழுத் தகடு வேண்டாம், நாலு பக்கமும் சிலுவை மாதிரி தாமிரப் பட்டை போனால் போதும். கேபின் கூரைக்குப் பின்னால், துணி போர்த்துவதற்கு முன்பே ஒட்டிவிடலாம். ஆன்டெனா நிற்கும் இடத்தில் மட்டும் குழாய்களுக்கு நடுவே ஓர் அலுமினியத் தட்டு, இல்லையென்றால் காற்றில் ஆடி ஆடித் துணியைக் கிழித்துவிடும்.

டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கிறது. கால் அலை 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதற்கு 15 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு தட்டு போதும், வயிற்றுப் பக்கம். ஆனால் இருக்கைக்கு நேர் கீழே வேண்டாம், பின்னால் தள்ளி வையுங்கள். ஆன்டெனா இரண்டுக்கும் ஆர்ஜி 400 வகைக் கேபிள் போடுங்கள். பழைய ஆர்ஜி 58 சூட்டில் இளகும், 1090இல் சக்தியையும் நிறையத் தின்றுவிடும். மிச்சக் கேபிளைச் சுருட்டிக் கட்டி வைக்காமல் அளவாக வெட்டுங்கள்.

ஜிபிஎஸ் ஆன்டெனாவை வானம் தெரியும்படி மேலே, ரேடியோ ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். 121.15 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது அதன் 13வது மடங்கு 1574.95. ஜிபிஎஸ் கேட்டுக்கொண்டிருப்பது 1575.42. பக்கத்து வீட்டில் மைக் செட் போட்ட மாதிரி ஆகிவிடும்.

குடியாத்தம் டு பெங்களூர்:

பெங்களூரில் விமானப் பராமரிப்புப் பொறியாளர் வேலை, சொந்த ஊர் குடியாத்தம். யாரும் தொடாத கசப்பை நான் சொல்லிவிடுகிறேன். மாற்றம் எதுவானாலும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் ஒப்புதல் வேண்டும், ரேடியோவுக்கு அலைவரிசை உரிமம் தரும் டபிள்யூபிசியின் உரிமம் வேண்டும். எந்தக் காகிதம் எந்த வரிசையில் என்பதை உங்கள் விமானத்துக்குக் கையெழுத்துப் போடப் போகும் பொறியாளரிடம் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். வேலையை முடித்துவிட்டுக் கூப்பிட்டால் அவர் பாதியைக் கழற்றச் சொல்வார், தப்பும் சொல்ல முடியாது.

குழாயில் ஓட்டை போடாதீர்கள். ஒரு ரிவெட்டுக்குக் கூட. ஓட்டை போட்ட இடத்தில் விரிசல் தொடங்கும், உள்ளே ஈரம் போய்த் துருவும் பிடிக்கும். குழாயைச் சுற்றிப் பிடிக்கும், ரப்பர் வைத்த பி கிளாம்ப்பைக் குழாயில் மாட்டி, இரண்டு குழாய்க்கு நடுவே தட்டு போட்டு, தட்டில் பெட்டி.

தட்டு எவ்வளவு தாங்க வேண்டும்? அமெரிக்க நடைமுறையில் முன்பக்கம் 9 ஜி (பெட்டியின் எடையைப் போல 9 மடங்கு), மேலே 3 ஜி, பக்கவாட்டில் 1.5 ஜி. அதாவது 2 கிலோ பெட்டி என்றால் முன்னால் 18 கிலோ விசையில் இழுத்துப் பார்க்க வேண்டும். பின்னால் வைக்கும் எல்லாமே விழுந்தால் உங்கள் தலையை நோக்கித்தான் வரும், அதனால் இதில் சமரசம் கிடையாது.

அடுத்து எடை. புஷ்பக் முழுப் பாரத்தோடு 600 கிலோவை ஒட்டித்தான் வரும். 6 கிலோ பேட்டரியை முன்பக்கத்திலிருந்து 1.5 மீட்டர் பின்னால் கொண்டுபோனால் 9 கிலோமீட்டர் திருப்புவிசை (தூரம் அளக்கும் கிலோமீட்டர் இல்லை, கிலோவை மீட்டரால் பெருக்கியது!). 600ஆல் வகுத்தால் பாரமையம் ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் நகரும். சின்ன விமானத்தில் அது சின்ன விஷயம் இல்லை. வாலுக்குப் பக்கத்தில் ஈஎல்டியும் போகப்போகிறது, இரண்டும் கூடும்.

ஸ்டார்ட்டர் இல்லாததால் உங்களுக்குப் பெரிய பேட்டரி தேவையில்லை. ரேடியோவுக்கும் டிரான்ஸ்பாண்டருக்கும் மட்டும் என்றால் சின்ன பேட்டரியே போதும், இறங்கியதும் கழற்றி வீட்டில் சார்ஜ் போடலாம். ஃபியூஸ் பேட்டரி முனையை ஒட்டியே இருக்கட்டும். பேனலில் ஃபியூஸ் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், நடுவில் உள்ள வயருக்குக் காவல் இல்லை.

ஈஎல்டி: 406 மெகாஹெர்ட்ஸ் தருவது மட்டும் வாங்குங்கள். பழைய 121.5ஐ செயற்கைக்கோள்கள் 2009இலிருந்து கேட்பதில்லை. முடிந்தவரை வால் பக்கம், முதன்மைக் குழாயைப் பிடித்த தட்டில், பெட்டிமேல் உள்ள அம்பு விமானம் போகும் திசையைக் காட்ட வேண்டும். மாட்டும் தட்டை எந்தப் பக்கம் 45 கிலோ விசையில் இழுத்தாலும் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் அசையக்கூடாது. தட்டு ஸ்பிரிங் மாதிரி ஆடினால் உள்ளே இருக்கும் சுவிட்சுக்கு மோதல் ஒழுங்காகத் தெரியாது. அதன் ஆன்டெனாவும் அதே பகுதியிலேயே இருக்கட்டும், உடம்பு முறிந்தால் நடுவில் கேபிள் அறுந்துவிடும். பெங்களூர் இஸ்ரோ மையத்தில் பதிவு செய்ய மறக்க வேண்டாம்.

வாலாஜாக்காரன்:

ஐயோ, படித்துவிட்டு ஒரு டீ குடித்தேன். அட்டை வேலை இன்றே ஆரம்பம்.

வாலாஜாக்காரன் (பத்து நாள் கழித்து):

ஆம்பூர் தம்பிக்குக் கோயில் கட்டலாம். ரேடியோ பெட்டியை வலது இருக்கைக்கு அடியில் வைப்பதாக முடிவு செய்து அட்டையை மாட்டியிருந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் அட்டையின் மேல்பக்கம் நடுவில் பள்ளம். என் மச்சான் உட்காரும்போது இருக்கைத் துணி அவ்வளவு தொய்கிறது என்று எனக்குத் தெரியாது. (மச்சான் எடையை இங்கே எழுதக்கூடாது என்று உத்தரவு.)

இப்போது ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் இரண்டும் இருக்கைச் சாய்மானத்துக்குப் பின்னால், சாமான் வைக்கும் இடத்தின் முன்சுவரில், நிற்கிற வாக்கில். சாய்மானத்தை மடித்தால் கனெக்டர் எல்லாம் முகத்துக்கு நேராக இருக்கிறது, எதையும் கழற்ற வேண்டாம். டிரான்ஸ்பாண்டருக்கு உயரம் சொல்லும் என்கோடரும் அங்கேயே, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாய்க்குப் பக்கத்தில். பேட்டரியை அதற்குக் கீழே, இருக்கைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைத்தேன். பேனலில் பழைய கிளப்காரர்கள் எப்போதோ போட்ட, முள் உடைந்த அம்மீட்டர் ஒன்று இருந்தது. ஓட்டை 57 மில்லிமீட்டர்! ரேடியோ தலை சொந்த வீடு மாதிரி உட்கார்ந்துவிட்டது. டிரான்ஸ்பாண்டர் தலைக்கு மட்டும் பேனலுக்குக் கீழே தனிப் பிராக்கெட்.

இழுத்துப் பார்க்க வெங்காய மண்டியில் ஒரு ஸ்பிரிங் தராசு இரவல் வாங்கினேன். பெட்டி, தட்டு எல்லாம் சேர்த்து 1.8 கிலோ, அதனால் 16 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். கயிற்றைக் கட்டி முன்பக்கம் இழுத்தேன். 11இல் ஒரு கிளாம்ப் குழாயில் மெதுவாக வழுக்கிச் சுற்றியது. ரப்பர் பழசு, கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. புதுசு போட்டு, ஒன்றுக்கு இரண்டாக மாட்டி, 20 வரை இழுத்தேன். அசையவில்லை. தராசுக்காரர் "வெங்காயம் எங்க சார்?" என்று கேட்டார்.

ராஜாளி ரிடயர்டு:

அந்த 11 கிலோவில் வழுக்கியதைப் பார்த்தீர்களே, அதற்குத்தான் இழுப்பது. கண்ணுக்கு எல்லா கிளாம்ப்பும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஒரு கேள்வி. அம்மீட்டரை அந்த ஓட்டையில் போட்டது யார் என்று தெரியுமா? கரண்ட் இல்லாத விமானத்தில் அது எதற்கு?

வாலாஜாக்காரன்:

அதுதான் எனக்கும் புரியவில்லை சார். இடைக்காலத்தில் யாரோ ஒரு பேட்டரி வைத்துப் பார்த்திருக்கிறார்கள் போல. அறுந்த வயர் ஒன்று எங்கேயும் போகாமல் பேனலுக்குப் பின்னால் தொங்கியது. எடுத்தாயிற்று.

அடுத்த தலைவலி: எஞ்சின் ஓடும்போது ரேடியோவில் டர்ர்ர் என்று சத்தம். வேகம் கூட்டினால் சத்தமும் கூடுகிறது.

காட்பாடி மாணவி:

உங்களிடம் ஜெனரேட்டரே இல்லை, அதனால் அதன்மேல் பழி போட முடியாது. மிச்சம், எஞ்சினுக்குப் பொறி உண்டாக்கும் மேக்னெட்டோதான். விமான ரேடியோ ஏஎம் முறை, பொறி தெறிக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படியே காதில் விழும். கொஞ்ச நேரம் ஒரு மேக்னெட்டோவை மட்டும் வைத்து, அப்புறம் மற்றதை மட்டும் வைத்துக் கேளுங்கள். ஒன்றில் குறைந்தால் குற்றவாளி யார் என்று தெரியும்.

குடியாத்தம் டு பெங்களூர்:

ஸ்பார்க் பிளக் வயர்களுக்கு மேல் உலோகப் பின்னல் கவசம் இருக்கிறதா, பாருங்கள். பழைய எஞ்சின்களில் பாதிக்குக் கவசமே இருக்காது. அது இல்லாமல் ஃபில்டர் எத்தனை போட்டாலும் பணம்தான் போகும். மேக்னெட்டோவிலிருந்து சுவிட்சுக்கு வரும் வயருக்கும் கவசம் வேண்டும். ஹெட்செட் ஜாக் உலோகத் தட்டில் நேராக உட்கார்ந்திருந்தால் பிளாஸ்டிக் வாஷர் போட்டுப் பிரித்துவிடுங்கள், அதன் எர்த் ரேடியோ பெட்டி வரை தனி வயரில் போகட்டும்.

வாலாஜாக்காரன் (மூன்று வாரம் கழித்து):

கவச வயர் போட்டாயிற்று, சத்தம் போயிற்று. கையெழுத்துப் போடும் பொறியாளர் வந்து பார்த்தார், இரண்டு வயர் கட்டைத் திரும்பக் கட்டச் சொன்னார், மற்றபடி முகம் சுளிக்கவில்லை. துணி வருகிற வாரம்.

நேற்று காம்பஸ் சோதனை. நாலு பேர் சேர்ந்து விமானத்தை மைதானத்துக்குத் தள்ளி, 30 டிகிரிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பி எழுதினோம். எஞ்சினும் ரேடியோவும் ஓடும்போது ஒருமுறை, ரேடியோவை அணைத்துவிட்டு ஒருமுறை. கிழக்கே பார்க்கும்போது 18 டிகிரி தப்பு! 10க்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள். ரேடியோவை அணைத்தாலும் அதே 18. தூக்கம் வரவில்லை.

ராஜாளி ரிடயர்டு:

அணைத்தாலும் மாறவில்லை என்றால் கரண்ட் காரணமில்லை, அருகில் காந்தமோ இரும்போ இருக்கிறது. காம்பஸைச் சுற்றி ஒரு முழத்துக்குள் புதிதாக என்ன வந்தது என்று மட்டும் யோசியுங்கள். ஸ்க்ரூ, ஸ்பீக்கர், ஸ்பிரிங் எதுவானாலும்.

வாலாஜாக்காரன்:

கண்டுபிடித்துவிட்டேன் சார். அக்கா பையன் ஆசையாக பேனல் ஓரத்தில் போன் ஸ்டாண்ட் ஒன்றை ஒட்டியிருக்கிறான். காந்த ஸ்டாண்ட். அதை எடுத்ததும் 7க்கு இறங்கியது. அப்புறம் டிரான்ஸ்பாண்டர் தலையின் பிராக்கெட்டில் நான் போட்டிருந்த நாலு எஃகு ஸ்க்ரூவைப் பித்தளையாக மாற்றினேன். இப்போது எந்தத் திசையிலும் 3க்கு மேல் இல்லை. அட்டையில் எழுதி காம்பஸுக்குக் கீழே ஒட்டியாயிற்று. ஸ்டாண்ட் இப்போது அவனுடைய பைக்கில் இருக்கிறது.